பூவாளித் தீர்மானம்

என் மகள் இரண்டாம் வகுப்பில் படித்த காலத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வரைக்கும் ஓடுவாள். மற்றப் பிள்ளைகள் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். இவள் பையை என் கையில் தந்துவிட்டு ஓடத் தொடங்குவாள். லண்டனில், மனோர் பார்க்கில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே மாதிரி இருக்கும். கதவின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காணவேண்டும். அவள் நிறம் பார்க்காமலே எங்கள் கதவில் வந்து மோதி நிற்பாள். நான் மூச்சு வாங்க வந்து திறப்பைப் போடும்வரை கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பாள். கதவு திறந்ததும் சப்பாத்தோடு மாடிக்கு ஓடுவாள். பிள்ளைக்கு ஓட்டத்தில் திறமை இருக்கிறது என்று என் கணவர் சில மாதங்கள் நம்பினார்.

பிறகு அவளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. மருந்து கொடுத்துச் சுகமாகி, திரும்பவும் வந்தது. நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்றார் டொக்டர். நான் காலையில் நிரப்பி அனுப்பும் போத்தல் மாலையில் நிரம்பியபடியே வீடு வந்தது.

"பள்ளிக்கூடத்தில பாத்ரூமுக்குப் போறேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"ஏன்?"

தோளைக் குலுக்கினாள்.

"அங்க தண்ணி இல்லையோ?"

"பேப்பர் மட்டும்தான்."

எனக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் வீட்டில், எனக்குத் தெரிந்த எல்லாத் தமிழ் வீடுகளிலும், கழிப்பறைக்குள் ஒரு சின்ன ஜக் இருக்கும். அதைப் பற்றி யாரும் யாரோடும் கதைப்பதில்லை. விருந்தாளி வந்தால் அதில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். காகிதத்தால் துடைத்துவிட்டு எழும்பி வருவது எங்களுக்கு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வருவது மாதிரி. என் பிள்ளை பாதி வேலை செய்ய மறுத்து, நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். நான் பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் வாய்க்குள் என்ன பிரச்சினை என்று முகம் மாறாமல் கேட்டுப் பழகியவள். ஆனாலும் அன்றைக்குக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். அலுவலகப் பெண் நல்லவர். கேட்டுவிட்டு, கழிப்பறைகளில் மாற்றம் செய்வதென்றால் அது கவர்னர்கள் முடிவு செய்யவேண்டியது என்றார். பிறகு, பெற்றோர் கவர்னர் இடம் ஒன்று வெற்றிடமாக இருக்கிறது, விருப்பமென்றால் தேர்தலுக்கு நிற்கலாம் என்றார்.

இங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் கவர்னர்கள் என்று ஒரு சபை உண்டு. பெற்றோர், ஆசிரியர், ஊரில் உள்ள சிலர் என்று சம்பளம் இல்லாமல் கூடி, தலைமை ஆசிரியரைக் கேள்வி கேட்பார்கள். பள்ளியின் செலவைப் பார்ப்பார்கள். அன்றைக்குத்தான் எனக்கு இது தெரியவந்தது.

தேர்தலில் நிற்பதற்கு, நான் ஏன் பொருத்தமானவள் என்று நாலைந்து வரியில் ஒரு பந்தி எழுதவேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வைக்க விரும்புகிறேன் என்று எழுதி, கணவரிடம் காட்டினேன்.

"கக்கூசைப் பற்றி எழுதினால் ஆர் வோட் போடுவினம்?" என்றார்.

"பின்னை என்னத்தை எழுதுறது?"

"பிள்ளையளின்ர நலன் எண்டு எழுதும். அதுக்குள்ள எல்லாம் அடங்கும்."

நலன் என்று எழுதினேன்.

என்னோடு இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஆங்கிலேயத் தகப்பன். அவருடைய பந்தியில் 'மூலோபாயம்' என்ற சொல் பல தடவை வந்தது. மற்றவர் எங்கள் ஆள். ஜெர்மனியில் நீண்ட காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, கார் திருத்தும் கராஜ் வைத்திருப்பவர். இங்கே தரும் வீட்டுப்பாடம் காணாது, இன்னும் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தேர்தல் அறிவித்த வாரமே பள்ளி வாசலில் என்னைப் பிடித்தார்.

"தங்கச்சி, நீங்கள் விலகினால் நல்லம். தமிழ் வோட் பிரியும்."

"நீங்கள் விலகுங்கோவன் அண்ணை."

"நான் போட்டோ குடுத்திட்டன்," என்றார்.

உண்மைதான். பந்தியோடு படம் கேட்டிருக்கவில்லை. அவர் கோட் போட்டு, கழுத்தில் ரை கட்டிப் படம் எடுத்துக் கொடுத்திருந்தார். இருவரும் விலகாமல் நின்றோம்.

தமிழ்ப் பெற்றோரின் தொலைபேசிக் குழுவில் இரண்டு வாரம் இதே கதை. யார் விலகவேண்டும் என்று அறுபது, எழுபது செய்திகள் வந்திருக்கும். வாக்களிக்கச் சொல்லி ஒருவரும் போடவில்லை. கோயிலில் அர்ச்சனைக்கு நின்றபோது, முன்னால் நின்ற பெண் திரும்பி, தன் வாக்கு எனக்குத்தான் என்றாள். அவளுடைய பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடம்.

கடைசியில் பெரும்பாலான பெற்றோர் வாக்களிக்கவே இல்லை. போட்டவர்களில் கொஞ்சப் பேர் கூடுதலாக எனக்குப் போட்டிருந்ததால் நான் தெரிவானேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அண்ணாவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். ஊரில் கவர்னர் என்றால் ஜனாதிபதி நியமிப்பவர், முன்னால் பின்னால் வாகனங்களோடு போகிறவர்.

"கவர்னரோ?" என்றார் அண்ணா. "எந்த மாகாணத்துக்கு?"

கராஜ்காரர் தோல்வியைக் கண்ணியமாக ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து என்னைக் காணும்போதெல்லாம், "வீட்டுப்பாடம் என்ன மாதிரி?" என்று கேட்பார். வாழ்த்து, சுகம் விசாரிப்பது ஒன்றும் கிடையாது.

முதல் கூட்டத்துக்கு முன் சபைத் தலைவர் எனக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டினார். காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற உயரமான ஆங்கிலேயர். பிள்ளைகளின் கழிப்பறைக்கு வந்ததும், சுவரில் இருந்த கை உலர்த்தும் மெஷினின் கீழ் கையை நீட்டினார். அது ஓவென்று கத்தியது. அது நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "இவை என் காலத்தில் வந்தவை. காகிதத் துவாயை முற்றாக ஒழித்துவிட்டோம்," என்றார். நான் பாராட்டினேன். கண் மட்டும் தண்ணீர்க் குழாய்க்கும் கழிப்பறைக் கதவுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டங்கள் பள்ளி நூலகத்தில் நடந்தன. அங்கே இருந்தவை பிள்ளைகளின் கதிரைகள். நாங்கள் எல்லோரும் முழங்கால் நெஞ்சைத் தொட அமர்ந்து பிஸ்கட் சாப்பிட்டோம். பேச்சு முழுக்க எழுத்துச் சுருக்கங்களில் நடந்தது. ஆங்கிலம் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எழுத்து எழுத்தாக வந்தபோது ஒன்றும் விளங்கவில்லை. புதிதாக வந்தவள் என்பதால் சுகாதாரமும் பாதுகாப்பும் என் பொறுப்பு என்றார்கள். அதை யாரும் விரும்பி எடுப்பதில்லையாம். நான் சந்தோஷத்தை வெளியில் காட்டவில்லை.

ஆனாலும் என் விடயத்தைச் சொல்ல எனக்குப் பல மாதங்கள் எடுத்தன. நிகழ்ச்சி நிரலில் கடைசியாக 'வேறு விடயங்கள்' என்று ஒன்று வரும். ஒவ்வொரு முறையும் அதற்காகக் காத்திருப்பேன். அது வரும்போது எல்லோரும் கோட்டைப் போடத் தொடங்கியிருப்பார்கள். கோட் போட்டுக்கொண்டு நிற்கும் மனிதர்களிடம் இதைச் சொல்ல முடியாது. அந்த மாதங்களில் கூரை, விளையாட்டுத் திடல், வாசிப்புப் புள்ளிகள் எல்லாவற்றிலும் கை உயர்த்தினேன். வீட்டில் பிள்ளை தொடர்ந்து ஓடி வந்தாள்.

வசந்த காலத்துக் கூட்டம் ஒன்றில் தலைவர், சுகாதாரத்தில் ஏதாவது இருக்கிறதா என்று நேராக என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன்.

"கழிப்பறைக்குப் போனபின் பிள்ளைகள் எப்படிக் கழுவுகிறார்கள் என்பது பற்றிப் பேசவேண்டும்."

"கைகளையா?" என்றார் தலைவர்.

"இல்லை."

பிஸ்கட் தட்டை நோக்கிப் போன ஒரு கை பாதி வழியில் நின்றது.

"அப்படியா," என்றார் தலைவர்.

நான் சொல்லி முடித்தேன். பல் வைத்தியசாலைக் குரலில், ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னேன். தண்ணீர் இல்லாததால் பிள்ளைகள் அடக்குகிறார்கள், குடிக்காமல் இருக்கிறார்கள், தொற்று வருகிறது. ஒவ்வொரு கழிப்பறையிலும் தண்ணீர் எடுத்துச் செல்ல ஒரு பாத்திரம் வைத்தால் போதும்.

கூட்டக் குறிப்பு எழுதும் பெண், இதை எப்படிப் பதிவது என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போது எனக்கு எதிரே இருந்தவர் தொண்டையைச் செருமினார். வங்காளக் குடும்பத்தைச் சேர்ந்த வழக்கறிஞர். சபையில் எனக்கு முன்பிருந்தே இருப்பவர். கூட்டங்களில் குறைவாகத்தான் பேசுவார். மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் இந்தப் பள்ளியில்தான் படித்தேன். சேர்ந்த நாளிலிருந்து விட்டுப்போகும் நாள்வரை ஒரு தடவைகூட நான் அந்தக் கழிப்பறைக்குப் போனதில்லை."

அவ்வளவுதான் சொன்னார். அவர் நல்ல உயரமான மனிதர், தாடியில் நரை விழுந்தவர். அந்தச் சின்னக் கதிரையில் அவர் இருந்த விதத்தை இப்போதும் என்னால் காண முடிகிறது.

பிறகு தலைமை ஆசிரியை பேசினார். அவர் ஸ்கொட்லாந்துக்காரி. தேவையில்லாமல் ஒரு சொல் பேசாதவர்.

"ஆசிரியர்களின் கழிப்பறையில் கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பூவாளி இருக்கிறது. நான் வந்த நாளிலிருந்து இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்று நினைத்திருந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "அங்கே செடி இல்லை."

குறிப்பில் 'தனிப்பட்ட சுத்தம் சார்ந்த பண்பாட்டு ஏற்பாடுகள்' என்று பதிந்தார்கள். ஆராய்வதற்கு ஓர் உபகுழு அமைத்தார்கள்.

கூட்டம் முடிந்து வழக்கறிஞரும் நானும் பஸ் தரிப்பு வரைக்கும் ஒன்றாக நடந்தோம். நீங்கள் இத்தனை காலம் சபையில் இருந்தும் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வேறு யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்," என்றார்.

"நானும்தான்," என்றேன்.

என் பஸ் வந்தது.

உபகுழுவில் நாங்கள் இருவரும், பள்ளியின் பராமரிப்பாளரும் இருந்தோம். பராமரிப்பாளருக்குத் திட்டம் பிடிக்கவில்லை. நிலம் ஈரமாகும், பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள், தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும், யாராவது அதைக் குடிப்பார்கள் என்றார். எல்லாவற்றையும் ஆபத்து மதிப்பீடு என்ற படிவத்தில் எழுதினோம். குடித்தல் என்பதற்கு எதிரே 'சாத்தியம் குறைவு' என்று போட்டோம். அவர் 'நடுத்தரம்' என்று மாற்றச் சொன்னார். அவருக்குப் பிள்ளைகளை எங்களைவிட நன்றாகத் தெரியும் என்பதால் மாற்றினோம்.

ஒரு சனிக்கிழமை வழக்கறிஞரும் நானும் தோட்டச் சாமான் கடைக்குப் போய், பச்சை நிறத்தில் சின்னப் பிளாஸ்ரிக் பூவாளிகளாகப் பார்த்து வண்டிலை நிரப்பினோம். காசு வாங்கும் பெண் எங்கள் இருவரையும் பார்த்து, பெரிய தோட்டமோ என்று கேட்டாள்.

"ஓரளவு," என்றார் வழக்கறிஞர்.

முதல் பரீட்சார்த்தம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, தண்ணீர் நிரம்பிய பூவாளியைக் கொடுத்து ஓர் அறைக்குள் பெரியவர்கள் இல்லாமல் அனுப்பினால் என்ன நடக்கும் என்று ஆபத்து மதிப்பீட்டில் நாங்கள் எழுதியிருக்கவில்லை. பராமரிப்பாளர் குளமாகிக் கிடந்த நிலத்தைப் படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டினார். அவர் முகத்தில் கவலை என்று ஒன்றும் இல்லை.

தலைமை ஆசிரியை கைவிடவில்லை. பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று சொல்லிக்கொடுக்காமல் வைத்ததுதான் பிழை என்றார். முதலில் பெற்றோருக்கு விளக்கவேண்டும். பெற்றோரை அழைத்துக் கோப்பி கொடுத்துக் கதைக்கும் 'கோப்பிக் காலை' ஒன்றில், சுகாதாரப் பொறுப்புக் கவர்னர் அதை விளக்குவார் என்று அறிவித்துவிட்டார்.

அந்தக் காலை மண்டபம் நிறையப் பெற்றோர். வழமையாகக் கோப்பிக் காலைக்கு ஒரு மேசை நிறையத்தான் ஆட்கள் வருவார்களாம். நான் ஒரு பச்சைப் பூவாளியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றேன். அது எதற்கு என்று சொன்னேன். எந்தக் கையில் பிடிப்பது என்று ஒரு தகப்பன் கேட்டார். வலது கையில் என்றேன். அப்படியென்றால் இடது கை என்று அவர் தொடங்கி, தானே விளங்கிக்கொண்டு நிறுத்தினார்.

முன்வரிசையில் இருந்த ஆங்கிலேயத் தாய் ஒருத்தி கேட்டாள்.

"நீங்கள் எல்லோருமே இப்படித்தானா? எப்போதுமே?"

"ஆம்," என்றேன்.

"அப்படியென்றால் எங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

கவர்னர் என்பவர் நடுநிலையாக இருக்கவேண்டும். அடுத்த கேள்வி என்றேன்.

கராஜ்காரர் பின்வரிசையில் எழுந்து நின்றார். அவர் ஜெர்மன் கலந்த ஆங்கிலத்தில், தான் ஜெர்மனியில் வேலை செய்த காலம் முழுக்க, வேலை உடுப்பின் பைக்குள் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்ததாகச் சொன்னார். கூட வேலை செய்தவர்கள் அதை மது என்று நினைத்தார்களாம். அவர்கள் அப்படியே நினைக்கட்டும், உண்மையைச் சொல்வதைவிட அது நல்லது என்று தான் விட்டுவிட்டதாகச் சொன்னார். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தங்கச்சி சொல்லுறது சரி," என்று தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்துக்கு மாறி, வீட்டுப்பாடம் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது என்றார். தலைமை ஆசிரியை அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அன்று பின்னேரம் கணவர் வேலையால் வந்தார். அதற்குள் அவர் வேலை செய்யும் சாமான் களஞ்சியத்துக்கே செய்தி போய்விட்டிருந்தது.

"மேடையில செய்து காட்டினனீராம்?"

"விளக்கினனான்."

"வாளியோட நிக்கிற படம் வந்திருக்கு."

"அது பூவாளி," என்றேன்.

இரண்டாம் பரீட்சார்த்தம் சரிவந்தது. ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நிலம் காய்ந்திருக்கும்வரைதான் பூவாளி இருக்கும் என்று தலைமை ஆசிரியை பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னார். அவர் ஒரு தடவை சொன்னால் பிள்ளைகளுக்குப் போதும். கோடை விடுமுறைக்குப் பிறகு வந்த கூட்டத்தில் பூவாளிகளை நிரந்தரமாக வைப்பதென்று தீர்மானித்தோம். எல்லாக் கைகளும் உயர்ந்தன. தலைவர் நீண்ட கையை மற்றவர்களைவிட உயரத் தூக்கியிருந்தார். வழக்கறிஞர் தன் கையை இறக்க மறந்துபோய், அடுத்த விடயம் தொடங்கிய பிறகும் அப்படியே வைத்திருந்தார்.

அடுத்த நாள் மகளைக் கூட்டிவரப் போனேன். பையைத் தந்துவிட்டு ஓடத் தொடங்கினாள்.

வீட்டில், அவள் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் படியில் பக்கத்தில் இருத்தினேன்.

"இப்ப அங்க தண்ணி இருக்குத்தானே?"

"ஓம்."

"பின்னை ஏன் போறேல்லை?"

"அது கத்துது."

"எது?"

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கை உலர்த்தும் மெஷின் மாதிரி ஓவென்று கத்திக் காட்டினாள். யாராவது அதற்குப் பக்கத்தால் போனாலே அது தானாகத் தொடங்கும். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும்போது அது எப்போது தொடங்கும் என்று தெரியாது. அதுதான் பயம்.

"நீ தண்ணி இல்லை எண்டெல்லோ சொன்னனீ?"

"நான் தண்ணி எண்டு சொல்லேல்லை," என்றாள். "நீங்கள்தான் தண்ணி எண்டு சொன்னனீங்கள். நான் பேப்பர் மட்டும்தான் எண்டு சொன்னனான்."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் எழும்பிப் போய்ப் படம் கீறத் தொடங்கினாள். நான் படியிலேயே இருந்தேன். தேர்தல், உபகுழு, தோட்டக் கடை, மண்டபம் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகப் பிள்ளை ஒரு மெஷினுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள், நான் அவளிடம் இன்னொரு கேள்வி கேட்காமல் மண்டபம் நிறைய ஆட்களிடம் கேள்வி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதுதான் நெஞ்சில் கனத்தது. பிறகு எழும்பிச் சோறு வைத்தேன்.

மறுநாள் காலையில் தலைமை ஆசிரியையைக் கண்டு சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, சுவரில் தொங்கிய சபைத் தலைவரின் படத்தை ஒரு முறை பார்த்தார். மெஷின் பொருத்திய நாளில் எடுத்த படம் அது.

"இதை நிகழ்ச்சி நிரலில் போடவேண்டுமா?" என்றார்.

"வேண்டாம்," என்றேன்.

இருவரும் கழிப்பறைக்குப் போனோம். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு கதிரையில் ஏறி, மெஷினுக்கு மேலே இருந்த சுவிட்சை நிறுத்தினார். யன்னல் விளிம்பில் காகிதத் துவாய் ஒரு கட்டு வைத்தார். இறங்கிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். எந்த உபகுழுவும் கூடவில்லை.

அந்த வாரமே தண்ணீர்ப் போத்தல் வெறுமையாக வீடு வந்தது. பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் நேரம் மூன்று மடங்காகியது. அவள் ஒவ்வொரு மதிலிலும் இருக்கும் பூனையோடு கதைத்துக்கொண்டு வருவாள். பூவாளிகளும் வீண்போகவில்லை. வேறு பிள்ளைகளின் தாய்மார் வாசலில் என்னைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள். சோமாலியத் தாய் ஒருத்தி ஒரு நாள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, எதற்கு என்று சொல்லாமலே நடந்தாள். பராமரிப்பாளர் பச்சைப் பூவாளிகளில் வகுப்பின் இலக்கத்தை வெள்ளை மையால் எழுதி வைத்தார். எழுத்து அழகாக இருந்தது.

நாலு வருடப் பதவிக்காலம் முடிந்தபோது திரும்பவும் நின்றேன். போட்டிக்கு யாரும் வரவில்லை. "என்னத்துக்கு, நீங்கள் பழகிட்டியள்," என்றார் கராஜ்காரர். இப்போது சபையில் வேறு கவலைகள். வீட்டு வாடகை கட்ட முடியாமல் குடும்பங்கள் இந்தப் பக்கத்தை விட்டுப் போகின்றன. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். ஒரு வகுப்பை மூடுவதற்குக் கை உயர்த்திவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்த நாளும் உண்டு.

மகள் இப்போது மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். அங்கே பாத்ரூம் எல்லாம் எப்படி என்று ஒரு நாள் கேட்டேன். கையில் இருந்த தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, அங்க மட்டும் எலக்சனுக்கு நிக்காதேங்கோ."

நிற்கவில்லை. அங்கே வெற்றிடமும் இல்லை.